பண்டைக் கிரேக்க நாடகங்கள் முதலில் எவ்வாறு நடிக்கப்பட்டன?

ஈஸ்கிலஸ், சோஃபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் ஆகியோரின் துன்பியல் நாடகங்களை அச்சில் படிக்கும் எவருக்கும் சில ஐயங்கள் எழும். கொலைகள் ஏன் கதவுக்குப் பின்னாலேயே நடக்கின்றன? எத்தனை பாத்திரங்கள் நின்றாலும் ஒரு காட்சியில் மூவருக்கு மேல் ஏன் வாய் திறப்பதில்லை? ஊர்க்கிழவர்களோ அடிமைப் பெண்களோ ஒரு கூட்டமாக வந்து, நாடகம் முடியும்வரை ஏன் அங்கேயே நின்று பாடுகிறார்கள்? இந்நாடகங்கள் தொடக்கத்தில் எவ்வாறு அரங்கேறின என்ற கேள்விக்கு விடை சொல்ல இந்த ஐயங்களே நல்ல வழி. கவிஞருக்கு நகரம் கொடுத்த இடம், ஆட்கள், விதிகள், பகல் வெளிச்சம் ஆகியவற்றை அறிந்துகொண்டால் இவற்றில் பெரும்பாலானவை தாமே தெளிந்துவிடும். நமக்குக் கிடைத்துள்ள நாடகங்களில் பெரும்பாலானவை கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் நகரத்தவை. ஆகவே என் பதிலும் அந்நகரத்தைப் பற்றியது. எடுத்துக்காட்டுகளைக் கூடியவரை, கி.மு. 458இல் ஈஸ்கிலஸ் அரங்கேற்றி முதற்பரிசு பெற்ற ‘ஒரெஸ்டியா’விலிருந்து தருகிறேன், மூன்று துன்பியல் நாடகங்களும் ஒருசேரக் கிடைத்துள்ள தொடர் அது ஒன்றே.

ஏதென்ஸில் நாடகம் என்பது டயோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில் நடந்த போட்டி. விரும்பிய நாளில் கட்டணம் செலுத்திப் பார்த்துவிட்டு வரக்கூடிய கேளிக்கையாக அது இருக்கவில்லை. குளிர்காலத்தில் லெனாயா என்ற சிறிய விழாவும், மார்ச், ஏப்ரல் மாதங்களை ஒட்டி வசந்தத் தொடக்கத்தில் நகர டயோனிசியா என்ற பெருவிழாவும் நடந்தன. கடல் வழிகள் திறந்து வெளியூரார் வந்து குவியும் காலம் என்பதால் இரண்டாவதே பெருமை மிக்கது. அதில் பங்கேற்க விரும்பிய கவிஞர்கள், ஆர்க்கான் எனப்பட்ட நகரத் தலைமை அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அவர் துன்பியல் கவிஞர் மூவரைத் தேர்ந்தெடுத்தார். அப்படித் தேர்ந்தெடுப்பதை ‘கோரஸ் வழங்குதல்’ என்றே அவர்கள் குறிப்பிட்டார்கள். நாடகம் ஒன்று உருவாவதற்கு முதல் தேவை கோரஸ் என்னும் பாடி ஆடும் குழுவே என்று அந்நகரம் கருதியதை இவ்வழக்கு காட்டுகிறது. ஒவ்வொரு கவிஞரும் மூன்று துன்பியல் நாடகங்களையும், குதிரைக் காதுகளும் குதிரைவாலும் கற்பிக்கப்பட்ட சாட்டிர்கள் என்னும் காட்டுவாசிகள் கூத்தடிக்கும் கேலி நாடகம் ஒன்றையும் ஒரே நாளில் அளிக்க வேண்டும். நகைச்சுவை நாடகங்களுக்குத் தனிப் போட்டி; வழக்கமாக ஐந்து கவிஞர்கள், ஆளுக்கொரு நாடகம்.

செலவை யார் ஏற்றார்கள் என்பது சுவையான செய்தி. கோரஸுக்கான பயிற்சி, உடை, உணவு ஆகியவற்றின் செலவைச் செல்வந்தர் ஒருவர் மீது நகரமே சுமத்தியது. கொரேகோஸ் எனப்பட்ட அவருக்கு இது வரியாகவும் இருந்தது, விளம்பரமாகவும் இருந்தது. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகத்துக்குச் செலவு செய்தவர் இருபது வயதைச் சற்றே கடந்த பெரிக்ளீஸ். பிற்காலத்தில் ஏதென்ஸையே வழிநடத்திய அதே பெரிக்ளீஸ். சொற்பொழிவாளர் லிசியாஸ் எழுதிக் கொடுத்த நீதிமன்ற உரை ஒன்றில், துன்பியல் கோரஸ் ஒன்றுக்காகத் தான் 30 மினா, அதாவது 3,000 திராக்மா, செலவிட்டதாக ஒருவர் கணக்குச் சொல்கிறார். அக்காலத்தில் தேர்ந்த கைவினைஞர் ஒருவரின் நாட்கூலி ஏறத்தாழ ஒரு திராக்மா. இத்தனை பணமும் மானமும் கலந்த இடத்தில் பகையும் கலந்தது. மற்றொரு சொற்பொழிவாளரான டெமொஸ்தனீஸ் ஒரு பாடற்குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்தபோது, அவருடைய எதிரியான மெய்டியாஸ், பொற்கொல்லன் வீட்டில் தயாராகிக்கொண்டிருந்த பொன்முடிகளை அழிக்க முயன்றதோடு, விழாவன்று அரங்கில் எல்லார் முன்னிலையிலும் அவரை முகத்தில் அடித்தான் என்பது அவரே எழுதிய வழக்குரையில் இருக்கிறது.

நாடகங்கள் தொடங்கும் முன் நிறைய நடந்தேறும். ஊர்வலம், பலி, அதன்பின் நகரத்தின் பத்துப் பிரிவுகளும் ஆளுக்கு ஐம்பது ஆடவர், ஐம்பது சிறுவர் என அனுப்பிய பாடற்குழுக்களின் போட்டி. இவற்றில் மட்டும் ஆயிரம் பேர் பாடி ஆடினார்கள். பிறகு அரங்கில் பன்றிக்குட்டியைப் பலியிட்டுத் தூய்மை செய்வார்கள். படைத்தலைவர்கள் மது வார்ப்பார்கள். ஏதென்ஸின் ஆதிக்கத்துக்கு உட்பட்ட நகரங்கள் கட்டிய திறைப்பணத்தைக் களத்தில் கொண்டுவந்து காட்டுவார்கள். போரில் தந்தையை இழந்து அரசு வளர்த்த இளைஞர்கள், அரசு அளித்த கவசம் அணிந்து அணிவகுத்து வந்து முன்வரிசையில் அமர்வார்கள். வென்றவர்களின் வேதனையையும் தோற்றவர்களின் ஓலத்தையும் பாடும் நாடகங்கள் இத்தகைய வெற்றிப் பறைசாற்றலுக்குப் பிறகுதான் நடிக்கப்பட்டன என்பதைப் படிப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். நகரத்துக்கு வலிக்கும் இடத்தைத் தொட்டால் தண்டனையும் உண்டு. பாரசீகர் அழித்த மிலேட்டஸ் நகரின் வீழ்ச்சியை ஃபிரினிக்கஸ் நாடகமாக்கியபோது அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டியதற்காக அவருக்கு 1,000 திராக்மா அபராதம் விதித்து, அந்நாடகத்தை இனி யாரும் பயன்படுத்தக் கூடாது என்றும் தடை செய்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார்.

இடத்துக்கு வருவோம். அக்ரோபொலிஸ் குன்றின் தெற்குச் சரிவில் மக்கள் அமர்ந்தார்கள், அடிவாரத்தில் ஆடுகளம், அதற்கும் அப்பால் டயோனிசஸ் கோயில். இன்று சுற்றுலாப் படங்களில் காணும் கல்லிருக்கைகள் 5ஆம் நூற்றாண்டில் இல்லை. லைகர்கஸ் என்ற அரசியல் தலைவரின் காலத்தில், கி.மு. 330களை ஒட்டித்தான் அரங்கம் முழுமையான கற்கட்டடமானது. அதில் 14,000 முதல் 17,000 பேர் அமர முடிந்தது. அதற்கு முன் இருந்தவை மரப்பலகைகளே. அகழாய்வுகளை ஒட்டிய அண்மைக்கால மதிப்பீடுகள் அக்காலப் பார்வையாளர் எண்ணிக்கையை 4,000 முதல் 7,000 வரை என்று குறைக்கின்றன. ஆடுகளம் முழுவட்டம் என்ற எண்ணமும் எபிடாரஸ் அரங்கின் அழகிய வட்டத்தைப் பார்த்து எழுந்ததே. அந்த அரங்கம் சோஃபோக்ளீஸ் மறைந்த பிறகு கட்டப்பட்டது. ஏதென்ஸுக்கு அருகே தோரிக்கோஸ் என்ற ஊரில் எஞ்சியுள்ள பழைய அரங்கின் களம் ஏறக்குறைய செவ்வகமானது. ஏதென்ஸின் தொடக்கக்கால ஆடுகளமும் அதுபோலவே நேர்விளிம்பு உடையதாக இருந்திருக்கலாம் எனப் பலர் இன்று கருதுகிறார்கள். களத்துக்கு இருபுறமும் நீண்ட நடைவழிகள் இருந்தன. வருகிறவர் பார்வையாளர் கண்ணில் பட்டுக் களத்தை அடைவதற்கு நேரம் பிடிக்கும். “அதோ, தூதுவன் ஒருவன் விரைந்து வருகிறான்” என்ற வகையில் கோரஸ் முன்கூட்டியே அறிவிக்கும் வரிகள் அந்த நேரத்தை நிரப்புவதற்கானவை.

களத்தின் பின்புறம் ஸ்கேனே எனப்பட்ட மரக்கட்டடம் நின்றது. நடிகர்கள் உடை மாற்றும் அறையும் கதையின் அரண்மனையும் அதுவே. நமக்குக் கிடைத்துள்ள நாடகங்களில் இக்கட்டடத்தைத் தெளிவாகப் பயன்படுத்தும் முதலாவது ‘ஒரெஸ்டியா’தான், ஈஸ்கிலஸ் அதைப் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால், புதிதாகக் கைக்கு வந்த கருவி ஒன்றின் எல்லாப் பயன்களையும் ஒரே நாளில் சோதித்துப் பார்த்தவர்போலத் தோன்றுகிறார். தொடரின் முதல் நாடகமான ‘அகமெம்னோன்’ அதன் கூரையில் தொடங்குகிறது. காவலன் ஒருவன் அங்கே நாயைப்போலப் படுத்தபடி, ஓராண்டாக இரவுதோறும் விண்மீன்களைப் பார்த்து, டிராய் வீழ்ந்ததை அறிவிக்கும் தீச்சுடருக்குக் காத்திருப்பதாகச் சொல்கிறான். பார்வையாளர்களோ பகல் வெளிச்சத்தில் அமர்ந்திருக்கிறார்கள். திரையில்லை, விளக்கில்லை, இரவு என்று பாத்திரம் சொன்னால் இரவு. காலத்தையும் இடத்தையும் உரையாடலே சொல்லியாக வேண்டிய கட்டாயம் இந்நாடகங்களின் மொழியை எவ்வளவு செழுமைப்படுத்தியது என்பதற்கு அந்த நாற்பது வரிகளே போதும்.

கோரஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அச்சில் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பகுதி அதுவே. ஈஸ்கிலஸ் காலத்தில் துன்பியல் கோரஸில் 12 பேர். சோஃபோக்ளீஸ் அதை 15 ஆக உயர்த்தினார். நகைச்சுவை நாடகத்துக்கு 24 பேர். இவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர், நகரத்தின் குடிமக்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஒரே நாளில் நான்கு வேடங்கள் ஏற்றார்கள். ‘ஒரெஸ்டியா’ நாளில் அதே பன்னிருவர் காலையில் ஆர்கோஸ் நகரக் கிழவர்கள், அடுத்து அரண்மனை அடிமைப் பெண்கள், அதன்பின் பழிவாங்கும் கொடுந்தெய்வங்களான எரினீக்கள், கடைசியில் சாட்டிர்கள். இரட்டைக் குழலான அவுலோஸ் ஒன்றே துணைக்கருவி. சீவாளி பொருத்திய அக்கருவியை வாசித்தவர் முகமூடியின்றி, பூவேலை செய்த நீண்ட உடையில் களத்திலேயே நின்றார். கோரஸ் பாடல்கள் ஒரே சந்தத்தில் அமைந்த இரட்டை இரட்டைப் பகுதிகளாக இருப்பதும் ஆட்டத்தோடு தொடர்புடையதே: முதற்பகுதியின் அசைவுகளை ஒத்த அசைவுகள் அடுத்த பகுதியில் திரும்ப வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. பேச்சுக்கு ஒரு யாப்பு, குழலோடு சேர்ந்து ஓதுவதற்கு மற்றொன்று, பாடுவதற்குப் பல என்று கவிஞர் மாறி மாறிச் செல்வதைக் காது உணரும். கண்ணால் மட்டும் படிப்பவருக்கு அது புலப்படாது. அந்த இசையில் எஞ்சியவை சில துணுக்குகளே. யூரிப்பிடீஸின் ‘ஒரெஸ்டஸ்’ கோரஸ் பாடலின் சில வரிகள் இசைக்குறிகளுடன் வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் துண்டில் கிடைத்துள்ளன.

கோரஸ் பொதுவாகக் களத்தை விட்டு அகலாது என்பதால் கவிஞருக்குச் சங்கடங்களும் உண்டு. டிராயிலிருந்து திரும்பிய மன்னன் அகமெம்னோன் தன் மனைவியால் உள்ளே வெட்டப்பட்டு அலறும்போது வெளியில் நிற்கும் கிழவர்கள் ஏன் ஓடிச்சென்று காப்பாற்றவில்லை? ஈஸ்கிலஸ் இந்தச் சங்கடத்தையே காட்சியாக்கினார். பன்னிருவரும் ஆளுக்கு இரண்டு வரியாக, கதவை உடைக்கலாமா, ஊரைக் கூட்டலாமா, பொறுத்துப் பார்க்கலாமா என்று கருத்துச் சொல்கிறார்கள். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஈஸ்கிலஸின் கோரஸில் எத்தனை பேர் என்பதற்கு அறிஞர்கள் காட்டும் சான்றுகளில் இந்தப் பன்னிரண்டு இரட்டை வரிகளும் ஒன்று.

நடிகர்கள் விஷயத்தில் எண்ணிக்கைதான் திறவுகோல். கோரஸிலிருந்து பிரிந்து பேசிய முதல் நடிகர் தெஸ்பிஸ் என்பது மரபு. இரண்டாம் நடிகரைச் சேர்த்தவர் ஈஸ்கிலஸ், மூன்றாமவரைச் சேர்த்தவர் சோஃபோக்ளீஸ் என்கிறார் அரிஸ்டாட்டில். அதற்கு மேல் துன்பியலில் கூடவில்லை. மூவரும் ஆண்கள், பெண் பாத்திரங்களும் அவர்களுடையவையே. எத்தனை பாத்திரங்கள் இருந்தாலும் முகமூடியையும் உடையையும் மாற்றி மாற்றி அவர்களே நடித்தார்கள். பேசாத காவலர்கள், பணிப்பெண்கள் ஆகியோருக்கு வேறு ஆட்கள் உண்டு. இந்த விதியை வைத்துக் கவிஞர்கள் பார்வையாளரை ஏமாற்றவும் செய்தார்கள். அகமெம்னோனின் தேரில் கசாண்ட்ரா என்ற சிறைப்பெண் வந்து இறங்குகிறாள். அரசன் செந்நிறத் துணிகளை மிதித்து உள்ளே செல்லும் பெருங்காட்சி முழுவதும் அவள் பேசவில்லை. அரசி கிளைடெம்னெஸ்ட்ரா அழைத்தும் பதிலில்லை. பேசாப் பாத்திரம்தான் என்று கூட்டம் முடிவுகட்டிய பிறகு, அரசியும் உள்ளே போனபின், அவள் அப்பொல்லோவை அழைத்து வீறிடுகிறாள். மூன்றாம் நடிகர் அதிகம் பழகிப்போகாத காலத்தில் அந்தக் குரல் அரங்கத்தை எப்படி உலுக்கியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அடுத்த நாடகத்தில் அகமெம்னோனின் மகன் ஒரெஸ்டஸின் நண்பன் பிலடீஸ் நாடகம் முழுவதும் ஊமையாக நிற்கிறான். தந்தையைக் கொன்ற தாயைக் கொல்லத் தயங்கி, என்ன செய்வேன் என்று ஒரெஸ்டஸ் கேட்கும் கணத்தில் மட்டும் மூன்று வரி பேசுகிறான். அந்த மூன்று வரிக்காகச் சற்று முன் வெளியேறிய பணியாளே விரைந்து வேடம் மாற்றி வந்தான் என்கிறது பழைய உரைக்குறிப்பு.

வேடப் பங்கீட்டில் இன்னும் நுட்பமான பொருளும் இருந்திருக்கலாம். யூரிப்பிடீஸின் ‘பக்கே’யில் மன்னன் பெந்தியஸைத் தாய் அகாவே வெறியில் பிய்த்தெறிகிறாள், இருவரையும் ஒரே நடிகர் நடித்தார் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அப்படியானால், மகனின் தலையை ஏந்தி வரும் தாய், சற்று முன் தானே அணிந்திருந்த முகமூடியைக் கையில் ஏந்தி வருகிறாள்.

முகமூடிகளைப் பற்றித் தவறான எண்ணங்கள் மிகுதி. அவை பெரும்பாலும் துணியை விறைப்பாக்கிச் செய்தவை, தலைமுடியோடு சேர்த்துத் தலை முழுவதையும் மூடின, அவற்றில் ஒன்றுகூட இன்றுவரை எஞ்சவில்லை. கி.மு. 400ஐ ஒட்டி வரையப்பட்டு இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள பிரோனோமோஸ் குடுவை, நடிகர்கள் தத்தம் முகமூடியைக் கையில் பிடித்து நிற்பதைக் காட்டுகிறது. அம்முகங்கள் இயல்பான, வாய் சற்றே திறந்த முகங்கள். கோரமாக வாய்பிளந்த உருவங்களும் ஒரு சாண் உயரக் கட்டைக் காலணிகளும் பிற்கால வழக்கம். 5ஆம் நூற்றாண்டு நடிகர் மென்மையான காலணியோ வெறுங்காலோ கொண்டு ஆடினார். வாய்ப்பகுதி ஒலிபெருக்கியாகப் பயன்பட்டது என்ற பேச்சுக்கும் போதிய ஆதாரமில்லை. முகம் அசையாது என்பதால் கண்ணீரையும் வெளிறலையும் சொற்களே காட்டின. சோஃபோக்ளீஸின் ‘எலெக்ட்ரா’வில் இறந்ததாக நினைத்த தம்பி உயிரோடு வந்து நிற்க, தமக்கையின் முகமூடியோ துயரத்திலேயே உறைந்திருக்கிறது. என் முகத்தில் மகிழ்ச்சியைத் தாய் காண்பாள் என்று அஞ்சாதே, பழைய பகை எனக்குள் ஊறிப்போயிருக்கிறது என்று அவளையே பேசவைத்து, குறையைப் பாத்திரத்தின் குணமாக்கிவிட்டார் கவிஞர்.

உள்ளே நடந்த கொலையை வெளியே காட்டப் பொறி ஒன்று இருந்தது: உருளைகள் மேல் நகரும் தாழ்வான மேடை. கதவு திறக்கும், பிணங்களும் அவற்றின் மேல் நிற்கும் கொலையாளியும் களத்தை நோக்கி உருண்டு வருவார்கள். அகமெம்னோன், கசாண்ட்ரா இருவரின் உடல்களோடு கிளைடெம்னெஸ்ட்ரா வெளிப்படுவதும், அடுத்த நாடகத்தில் அவளும் அவளுடைய காதலனும் பிணங்களாகக் கிடக்க ஒரெஸ்டஸ் அதே நிலையில் நிற்பதும் இவ்வாறுதான் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. மற்றொரு பொறி, தெய்வங்களை வானில் கொண்டுவரும் தூக்குப்பொறி. இவ்விரண்டையும் சேர்த்து யூரிப்பிடீஸ் செய்த வித்தை கி.மு. 431இன் ‘மெடியா’வில் உள்ளது. மனைவி தன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டாள் என்று கேட்ட ஜேசன் கதவைத் திறக்கச் சொல்லி ஆர்ப்பரிக்கிறான். வழக்கம் அறிந்த கூட்டம் உருளைமேடைக்காகக் கதவையே பார்த்திருக்கும். மெடியாவோ பிள்ளைகளின் உடல்களோடு கூரைக்கு மேல், சூரியனின் தேரில் தோன்றுகிறாள். கீழே நிற்பவன் அவளைத் தொடக்கூட முடியாது. இவ்வளவு கூர்மையான அந்த நாடகம் அடங்கிய வரிசைக்கு அவ்வாண்டு மூன்று கவிஞர்களில் மூன்றாம் இடமே கிடைத்ததை எண்ணி நான் இன்றும் வியக்கிறேன். இப்பொறிகள் கேலிக்கும் தப்பவில்லை. கி.மு. 421இல் நகைச்சுவைக் கவிஞர் அரிஸ்டோஃபனீஸின் ‘அமைதி’ நாடகத்தில் ராட்சதச் சாணவண்டின் மேல் வானேறும் குடியானவன், நடுவானில் கதையை மறந்து, பொறியை இயக்குபவனைப் பார்த்து என்னைக் கவனமாகப் பிடி என்று கெஞ்சுகிறான்.

பார்வையாளர்கள் அடக்கமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். நடுவில் டயோனிசஸின் பூசாரிக்கு முதலிருக்கை. அலுவலர், தூதர் ஆகியோருக்கு முன்வரிசை. பின்னால் குடிமக்களும் அயலாரும். பெண்கள் வந்தார்களா என்பதில் விவாதம் ஓயவில்லை. வந்தார்கள் என்று கொள்ள இடம் தரும் வரிகள் பிளேட்டோவில் உண்டு. பிடிக்காவிட்டால் கூச்சலிட்டார்கள், குதிகாலால் பலகையை உதைத்தார்கள். நடிகர்கள் மோசமாக இருக்கும்போதுதான் அரங்கில் தின்பண்டம் தின்பது அதிகம் என்று அரிஸ்டாட்டில் ஒழுக்கநெறி பற்றிய நூலில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்.

பரிசு வழங்குவதில் நகரம் சீட்டுக்குலுக்கலை நம்பியது. பத்துப் பிரிவுகளிலிருந்தும் பெயர்களைப் பத்துக் கலசங்களில் இட்டு, முத்திரை வைத்து, அக்ரோபொலிஸில் பூட்டிவைத்தார்கள். அவற்றில் கைவைப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். போட்டியன்று கலசத்துக்கு ஒருவராகப் பத்து நடுவர்கள் எடுக்கப்பட்டார்கள். அவர்கள் எழுதியவற்றிலும் ஐந்தை மட்டும் உருவி எண்ணியதாகச் சான்றுகள் சுட்டுகின்றன. கி.மு. 449ஐ ஒட்டிச் சிறந்த துன்பியல் நடிகருக்கும் தனிப் பரிசு ஏற்பட்டது. நடிகரின் புகழ் கவிஞரின் புகழிலிருந்து பிரிந்து வளரத் தொடங்கியதற்கு அது ஓர் அடையாளம்.

5ஆம் நூற்றாண்டில் ஒரு நாடகம் நகர டயோனிசியாவில் நடிக்கப்படுவது பொதுவாக ஒரே முறைதான். மறைந்த பிறகும் நாடகங்கள் மீண்டும் ஏற அனுமதி பெற்ற ஈஸ்கிலஸ் விதிவிலக்கு. கி.மு. 386இலிருந்துதான் பழைய துன்பியல் நாடகங்களை விழாவில் மறுபடி நடிக்கும் வழக்கம் பதிவாகிறது. அதன்பின் புகழ்பெற்ற நடிகர்கள் ஊர் ஊராகச் சென்று அவற்றை நடித்தார்கள். தமக்கு வசதியான வரிகளைச் சேர்த்தார்கள், பிடிக்காதவற்றை நீக்கினார்கள். இதைத் தடுக்கவே லைகர்கஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: ஈஸ்கிலஸ், சோஃபோக்ளீஸ், யூரிப்பிடீஸ் ஆகிய மூவரின் நாடகங்களுக்கும் அதிகாரபூர்வப் படி ஒன்று அரசிடம் இருக்க வேண்டும், நடிகர்கள் அதிலிருந்து விலகக் கூடாது. பின்னர் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர் அலெக்சாண்ட்ரியா நூலகத்துக்காக அந்த அதிகாரபூர்வப் படியை 15 டேலன்ட் (பழங்கால எடை அளவு) வெள்ளியைப் பிணையாகக் கொடுத்து இரவல் வாங்கி, மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, அழகாக எழுதிய நகலை ஏதென்ஸுக்கு அனுப்பிப் பிணைத்தொகையை இழக்கச் சம்மதித்தார் என்று மருத்துவர் கேலன் எழுதியிருக்கிறார். அலெக்சாண்ட்ரியாவின் அறிஞர்கள் செப்பம் செய்த பாடங்களின் வழியாகவே இந்நாடகங்கள் நம் கைக்கு வந்தன. பழைய நடிகர்கள் செருகியவை என்று பதிப்பாசிரியர்கள் ஐயுற்று அடைப்புக்குறிக்குள் இடும் வரிகள் அவற்றில் இன்னும் உள்ளன.